பந்தும் அதனுள் உறையும் காற்றும்

டென்னிஸ் ஆடும் மாணவர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. புதிய பந்து டப்பாவின் மூடியைக் கிழித்துத் திறக்குங்கால் 'உஸ்' என்று ஓர் ஒலி எழும். அன்று மாலை அப்பந்துகள் துள்ளும் துள்ளலே தனி. ஆடி முடித்து அவற்றைப் பையிலிட்டு, தேர்வுக் காலம் கழியும்வரை தொடாதிருந்து, பின்னர் எடுத்துத் தரையில் அடித்துப் பார்ப்பின், அவை சோர்வுற்று எழும். மேற்போர்வை தேயவில்லை, ஒட்டு விடவில்லை, ஒருவரும் அடிக்கவுமில்லை. அடிபடாமலே பந்து கெடுவது எங்ஙனம்? அதனைக் கெடாமற் காக்க வழி உண்டோ? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே யாம் ஈண்டு மேற்கொண்ட முயற்சியாகும்.

டென்னிஸ் பந்து என்பது உள்ளீடற்றதொரு ரப்பர்க் கோளம். இரண்டு அரைக்கோள ஓடுகளை வெப்பமும் அமுக்கமும் கொடுத்து ஒட்டி, அதன்மேல் கம்பளியும் நைலானும் கலந்த துணியைப் போர்த்துகின்றனர். உள்ளே அடைபட்ட வாயுவே பந்தின் உயிர்நிலை. நம்மைச் சூழ்ந்த காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் ஏறத்தாழ 14.7 பவுண்டு அமுக்கம் செலுத்துகின்றது. புதிய பந்தினுள் உள்ள வாயுவின் அமுக்கமோ அதனினும் 12 முதல் 14 பவுண்டு வரை மிகுதி. அஃதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. மட்டை தாக்கும்போது பந்து நசுங்குகின்றது. உள்ளிடம் சுருங்கவே வாயுவின் அமுக்கம் உயர்கின்றது. அவ்வமுக்கம் ரப்பரை மீண்டும் வெளியே தள்ளுகின்றது. காற்றுக்கு இங்ஙனம் வில்லைப் போன்றதோர் இயல்பு உண்டென்பதை 1660-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டு, 1662-ஆம் ஆண்டில் அதன் அளவினையும் எடுத்துரைத்தவர் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர். அவர் கண்ட வில்லே இன்று நம் கையிற் பந்தாக உருள்கின்றது.

அகில உலக டென்னிஸ் சங்கத்தின் விதிப்படி, 254 சென்டிமீட்டர் உயரத்தினின்று திண்ணிய தரையில் விடப்பட்ட சாதாரணப் பந்து 135-க்குக் குறையாமலும் 147-க்கு மேற்படாமலும் எழவேண்டும். விழுந்த உயரத்தில் நூற்றுக்கு 53 முதல் 58 பங்கு வரை மீண்டும் ஏறவேண்டும் என்பதே இதன் பொருள். எவ்வளவு குறுகிய எல்லை! உள்ளமுக்கம் சிறிது தளரினும் பந்து இவ்வெல்லைக்குக் கீழே இறங்கிவிடும்.

நிற்க. துளையில்லாத ஓட்டினின்று வாயு எவ்வழியாக வெளியேறுகின்றது? மண்பானையில் நீர் கசிவதுபோல் என்று கூறலாமாயினும், உவமை முற்றும் பொருந்தாது. பானைக்கு நுண்துளைகள் உண்டு. ரப்பரிலோ வாயு, நீரில் உப்புக் கரைவதுபோல் ஒரு பக்கத்தில் கரைந்து, உள்ளூடே மெல்ல நகர்ந்து, மறுபக்கத்தில் வெளிப்படுகின்றது. தாமஸ் கிரஹாம் என்னும் இரசாயன நூலார் 1866-ஆம் ஆண்டில் இதனை நன்கு ஆராய்ந்து, பிராணவாயு நைட்ரஜனைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரைவாக ரப்பரைக் கடக்கின்றது என்று கண்டார். ஆகவே பந்து அடிபட்டு மட்டும் சாவதன்று. சும்மா கிடந்தும் சாகின்றது. டப்பா திறந்த நாழிகை முதற்கொண்டே அதன் ஆயுள் குறையத் தொடங்குகின்றது.

இனி, பரிகாரம் யாது? வாயு வெளியேறும் வேகம் உள்ளமுக்கத்திற்கும் வெளியமுக்கத்திற்கும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது. இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தால் நீர்மட்டம் ஒத்தவுடன் ஓட்டம் நின்றுவிடுவதை ஒப்புநோக்குக. உள்ளிருப்பதைப் போகாதபடி அடைத்தல் இயலாதாயின், வெளியிலும் அதே அமுக்கத்தை உண்டாக்கிவிட்டாற் போதும். தொழிற்சாலையார் பந்துகளை அமுக்கமேற்றிய டப்பாவில் அடைத்து அனுப்புவது இதன்பொருட்டே. திறக்குங்கால் எழும் ஒலியும் அவ்வமுக்கம் நீங்கும் ஒலியே.

இவ்வுண்மையை வீட்டிலும் கையாளும் கருவிகள் இக்காலத்து விற்பனைக்கு வந்துள்ளன. மூன்று அல்லது நான்கு பந்துகள் கொள்ளத்தக்க தடித்த குழல்; திருகுமூடி; அதனடியில் ஒரு ரப்பர் வாஷர்; சைக்கிள் ட்யூபில் உள்ளதுபோன்ற ஒரு வால்வு. இவ்வளவே. பந்துகளை உள்ளே இட்டு மூடி, கைப்பம்பினால் காற்றேற்றி, அமுக்கமானி 14 பவுண்டு காட்டியதும் நிறுத்திவிடலாம். பம்பு வேண்டாது, மூடியைத் திருகத் திருக உள்ளிருக்கும் காற்றே நெருங்கி அமுக்கமடையும் வகையும் உண்டு.

இவற்றைப் பெரிதும் விரும்புவோருள் பாடெல் ஆடுவோர் ஒரு சாரார். இவ்வாட்டம் 1969-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ நாட்டு அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்பவரால் தோற்றுவிக்கப்பெற்று, 1974-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து மார்பெய்யா நகருக்குச் சென்று, அங்கே வேரூன்றியது. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களத்தைக் கண்ணாடிச் சுவரும் கம்பிவலையும் சூழ்ந்திருக்கும். பந்து சுவரிற் பட்டு மீளும் கோணத்தையும் தூரத்தையும் முன்னரே கணித்து நிற்பதே அவ்வாட்டத்தின் நுட்பம். பந்து தளர்ந்ததாயின் சுவரை எட்டுமுன்னரே சோர்ந்து விழும். கற்ற கணக்கெல்லாம் பொய்யாகும். டென்னிஸில் தளர்ந்த பந்து இன்பத்தைக் குறைக்கும். பாடெலில் அஃது ஆட்டத்தையே வேறாக்கிவிடும் என்பது எம் கருத்து.

ஈண்டு விஞ்ஞான மாணவர்க்குச் சுவை பயக்கும் நுட்பம் ஒன்றுண்டு. வாயுக்கள் கலந்திருப்பினும் ஒவ்வொன்றும் தன் அமுக்கத்தைத் தனித்தே செலுத்தும் என்பது டால்ட்டன் கண்ட விதி. முற்காலத்தில் அரைக்கோள ஓட்டினுள் சிறிது நவச்சாரமும் சோடியம் நைட்ரைட்டும் நீருடன் இட்டு ஒட்டுவர். வெப்பத்தில் அவை கூடி நைட்ரஜனை உண்டாக்கும். அத்தகைய பந்தை அமுக்கமேற்றிய குழலில் இட்டால், இருபக்க அமுக்கமும் ஒத்திருப்பினும் வாயு நடமாட்டம் முற்றும் நிற்பதில்லை. பந்தினுள் பிராணவாயு இன்மையால் குழற்காற்றிலுள்ள பிராணவாயு உள்ளே புகும். உள்ளே நைட்ரஜன் மிக்கிருத்தலால் அது வெளியே வரும். புகுவது விரைவாகவும் வெளிவருவது மெதுவாகவும் நிகழ்தலின், பந்து தொடக்கத்தில் சிறிது அமுக்கத்தை ஈட்டவும் கூடும்! அழுத்திய காற்றே அடைத்த பந்திற்கு இவ்விந்தை இல்லை.

அற்றாயின், முன்னமே செத்த பந்தை உயிர்ப்பிக்கலாமோ எனின், ஒருவாறு இயலும். குழலினுள் அமுக்கம் பந்தினுள்ளதைவிட மிக்கிருப்பின், சென்ற வழியே காற்று திரும்பும். ஆயின் அது மெல்லச் சென்றதுபோலவே மெல்லத்தான் மீளும். ஓர் இரவிற் பயன் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். மேலும், அடியால் தேய்ந்த போர்வையையும் மீள்சக்தி தளர்ந்த ரப்பரையும் எக்குழலும் புதுப்பிக்காது. விம்பிள்டன் பந்தயத்தில் முதல் ஏழு ஆட்டங்களின் பின்பும், அதன்மேல் ஒன்பது ஆட்டங்களுக்கு ஒருமுறையும் பந்துகளை மாற்றுகின்றனர். அத்துணைச் சிறு பொழுதில் பந்தை மாற்றச் செய்வது காற்றுக் கசிவன்று; மட்டையின் அடியே. ஆகவே குழலின் பயன், ஆட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் நேரும் இழப்பைத் தடுப்பதே. வாரம் ஒருமுறை ஆடுபவர்க்கு அவ்விழப்பே பெரிது. கைச்செலவுக்குப் பணம் எண்ணி வாங்கும் மாணவர்க்கோ, டப்பா ஒன்று இரண்டு மாலைக்கா, பத்து மாலைக்கா என்பது சிறிய கேள்வியன்று. தளர்ந்த பந்துகள் தெருக் கிரிக்கெட்டிற் புகுந்து மறுபிறவி எடுப்பதை யாம் அறிவோம். ஆயினும் எல்லாப் பந்துகளுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. ரப்பரும் துணியும் இறுக ஒட்டியிருத்தலின், பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும் எளிதன்று.

பந்தை வெந்நீரில் இடுவோரும் உளர். சூட்டினால் அமுக்கம் உயரும் என்பது மெய்யே. 20 பாகையினின்று 35 பாகைக்கு ஏறின் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடும். ஆறியவுடன் அதுவும் போய்விடும். சூட்டில் கசிவும் விரைவுபடுவதால் ஈற்றில் நட்டமே.

எச்சரிக்கை ஒன்று கூறாது விடல் தகாது. ஊறுகாய்ச் சாடியிலோ மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவிலோ வால்வு பொருத்திக் காற்றேற்ற முயலும் கைத்திறனாளர் நம்மிடையே இருத்தல் கூடும். கணக்கிட்டுப் பார்க்க: மூன்று அங்குல விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர அங்குலம். சதுர அங்குலத்திற்கு 14 பவுண்டு வீதம் மூடியை மேலே தள்ளும் விசை 98 பவுண்டு; ஒரு சிறுவன் எடை. கண்ணாடி சிதறின் கண் போகும். இதற்கென்றே செய்த குழலாயினும், மூடியை முற்றும் திருகிக் கழற்றுமுன் காற்றைச் சிறிது சிறிதாக விடுக. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துச் செல்லற்க.

கருவி பயன் தருகின்றதா என்று ஐயுறுவோர் எளிதிற் சோதிக்கலாம். சிமெண்டுத் தரையை ஒட்டிய சுவரில் 254 சென்டிமீட்டரிலும் 135-இலும் கரிக்கோடு இடுக. ஒரே டப்பாவின் பந்துகளில் ஒன்றைக் குழலிலும் மற்றொன்றை அலமாரியிலும் ஒரு திங்கள் வைத்திருந்து, எடுத்தபின் இரண்டும் அறையின் வெப்பநிலையை அடையும்வரை பொறுத்து, மேற்கோட்டினின்று ஒருங்கே விடுக. ஒருவர் விட, மற்றொருவர் தரையில் அமர்ந்து கீழ்க்கோட்டிற்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தல் வேண்டும்.