அழைத்தால் மட்டுமே பேசும் அட்டை

பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. ரயிலைப் பிடிக்க அரியலூருக்குப் பஸ் ஏறுகிறோம். 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால்தான் 'பஸ்'. கணிப்பொறிப் பலகையில் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக ஓடும் கம்பித் தொகுதிக்கும் அதே பெயர்தான். நாம் செய்த அட்டை ஒன்றை அதில் இணைப்பது எப்படி எனக் காண்போம்.

பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். சூடும் ஈரமும் மிஞ்சினால் அழுகிவிடும். பட்டறையின் வெப்பநிலையை 8085 பயிற்சிப் பலகையைக் கொண்டு அளக்க விரும்புகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். எல்எம்35 உணரி ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் தரும். ஏடிசி 0804 சில்லு அதை எண்ணாக மாற்றும். அதன் ஒன்பதாம் காலில் 1.28 வோல்ட் கொடுத்தால் ஒரு படி சரியாக ஒரு டிகிரி ஆகும்.

முகவரி அறிதல்

8085-இன் தரவுக் கம்பிகள் எட்டு. நினைவகமும் அவற்றில்தான் பேசுகிறது. நம் அட்டையும் அவற்றில்தான் பேச வேண்டும். எனவே அட்டைக்கு ஒரு முகவரி வேண்டும். 8085 ஒரு போர்ட்டை அழைக்கும்போது அதன் எண்ணை ஏ8 முதல் ஏ15 வரையுள்ள கம்பிகளிலும் காட்டுகிறது. ஏ13, ஏ14, ஏ15 மூன்றையும் 74எல்எஸ்138 சில்லில் கொடுத்தால், 256 போர்ட் எண்களும் எட்டுப் பகுதிகளாகப் பிரியும். பலகையின் கையேட்டைப் பார்த்து, யாரும் பயன்படுத்தாத பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 192 முதல் 223 வரை காலி என்றால், ஆறாம் வெளியீட்டை ஏடிசியின் தேர்வுக்காலுடன் இணைக்கலாம். படிக்கும் கம்பியும் எழுதும் கம்பியும் நேராக ஏடிசிக்குச் செல்லும். எழுதினால் அளவீடு தொடங்கும். அது முடிந்தபின் படித்தால் எண் கிடைக்கும்.

ஒரு கம்பியை மறந்தால்

'ஐஓ/எம்' என்ற கம்பி, அழைக்கப்படுவது போர்ட்டா நினைவகமா என்று சொல்கிறது. இதை 138-இன் அனுமதிக்காலில் இணைக்கப் பலர் மறக்கிறார்கள். விளைவு என்ன? நினைவகத்தின் 49152 முதல் 57343 வரையுள்ள முகவரிகளைப் படிக்கும்போதும் நம் அட்டை குறுக்கே பேசும். ஒரு சில்லு கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுக்க, மற்றது பூஜ்யத்துக்கு இழுக்கும். சில்லுகள் சூடேறும், கெட்டும் போகலாம். அதைவிட மோசமானது, ஒரே ஒரு பிட் மாறுவது. 32 டிகிரி 36 எனத் தெரியும். நம்பக்கூடிய பொய் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது!

அழைக்கப்படாத நேரத்தில் நல்ல அட்டை 1-உம் சொல்லாது, 0-உம் சொல்லாது. கம்பியிலிருந்து விலகி நிற்கும். இதுவே 'மூன்றாம் நிலை'. ஏடிசி 0804-இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, தவறான நேரத்தில் அதை அழைக்காமலிருப்பதுதான்.

சோதித்த பின்பே நம்புங்கள்

மின்சாரம் கொடுக்குமுன், அடுத்தடுத்த கம்பிகள் ஒட்டவில்லையே என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பஸ்ஸை அட்டைக்குக் கொண்டுசெல்லும் நாடாக்கம்பி ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பட்டறை வரை நீள வேண்டியது உணரியின் கம்பியே. உணரிக்குப் பதில் 0.32 வோல்ட் கொடுங்கள். 32 வருகிறதா? நினைவகத்தில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். மாறாமல் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் அட்டையைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லலாம்.