சாப்பிடாத கடலைக்கு ஒவ்வாமை: ஏன்? எப்படி?

வேர்க்கடலையை ஒருமுறைகூடச் சாப்பிடாத குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வருமா? வரும். தோல் வழியாக.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரண சோப்புக் கட்டியின் அளவோ 9, 10. தேய்த்துக் குளிப்பாட்டும்போது அழுக்கோடு சேர்ந்து, தோல் செல்களுக்கு நடுவே பூச்சாக இருக்கும் கொழுப்பும் போய்விடுகிறது. காரம் ஏறியதும், செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகள் வேகமெடுக்கின்றன. குழந்தையின் மெல்லிய தோல் இதை எளிதில் தாங்காது. விரிசல் வழியே வீட்டுத் தூசியில் உள்ள உணவுப் புரதம் நுழைந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் குறித்துக்கொள்ளக்கூடும். அதே புரதம் முதலில் குடலுக்குப் போயிருந்தால், பெரும்பாலும் உணவாகவே ஏற்றிருக்கும்.

2003-இல் பிரிட்டனில் கிடியன் லாக் குழு வெளியிட்ட ஆய்வில், கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் இந்த ஒவ்வாமை அதிகம் காணப்பட்டது. களிம்புதான் காரணம் என்று அறுதியிட அது மட்டும் போதாது. ஆனால் கைக்குழந்தையின் சிவந்து வெடித்த தோலில் வாசனை சோப்பைத் தேய்ப்பதை இன்றே நிறுத்தலாம். அந்தத் தோலுக்கு வெதுவெதுப்பான நீரும் வாசனையற்ற களிம்பும் போதும்.