நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு இன்று என்ன ஆயிற்று?

“அப்பாவுக்கு மறதிநோய் முத்திடுச்சு டாக்டர். நாலஞ்சு நாளா ராத்திரி பூரா தூங்காம பினாத்துறார்.” முதியோர் நலப் பிரிவில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. “போன வாரம் எப்படி இருந்தார்?” என்று கேட்டால், தானாகக் குளித்தார், பேப்பர் பார்த்தார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பார்கள். சாதாரணமாக மறதிநோய் நாலு நாளில் இப்படி முற்றுவதில்லை. உடம்பில் வேறு ஏதோ கெட்டிருக்கிறது. அதன் அலறல்தான் இந்தப் பினாத்தல். இதற்கு டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம் என்று பெயர். இது அவசர நோய். அந்த நாலு நாளும் வீட்டிலேயே கழிந்துவிட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

எப்படி அடையாளம் காண்பது?

டிமென்ஷியா எனும் மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவாகப் பேசுவார்; பொழுது சாய்ந்ததும் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்பார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மறதிநோயின் தொடக்கத்தில் இருக்கும் பலரும் சொல்லிவிடுவார்கள். டெலிரியத்தில் இருப்பவர் வெள்ளி, வியாழன் என்று வந்து, அங்கேயே நின்று, வேறு எதையோ பேச ஆரம்பிப்பார்.

இரண்டு நோய்க்கும் உள்ள உறவு

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டெலிரியம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்கே அதிகம். திடமான மூளை தாங்கிக்கொள்ளும் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் இவர்களை ஒரே இரவில் கவிழ்த்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் வான்டா நகரில் 85 வயதைக் கடந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு எட்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர்களுக்கோ நினைவாற்றலின் சரிவு வேகமெடுக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று மன்றாடுகிறேன்.

இன்னொன்று: டெலிரியம் இருக்கும்போதே மறதிநோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. குழப்பம் முழுதும் தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். தெளிந்த பிறகுதான் நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும்.

வீட்டில் சொல்லப்படும் தவறான காரணங்கள்

“வயசானா அப்படித்தான்.” இல்லை. வயதானால் பெயர் மறக்கலாம், சாவி மறக்கலாம். பெற்ற மகளைத் திடீரென்று அடையாளம் தெரியாமல் போவது வயதின் வேலை அல்ல.

“ஏற்கெனவே மறதி இருக்கே.” மிக அதிகமாக ஏமாறுவது இங்கேதான். மறதிநோய் உள்ளவரிடம் வரும் திடீர் மாற்றத்தை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

“காய்ச்சலே இல்லையே, கிருமி எப்படி இருக்கும்?” முதியவர்களுக்கு நிமோனியாகூடக் காய்ச்சல் இல்லாமல் வரும். குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

“காத்து கருப்பு பட்டிருக்கு.” மந்திரித்துக் கயிறு கட்டுவதற்குள் இரண்டு நாள் போய்விடும். உங்கள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள்.

“கத்திட்டே இருந்தார், இப்போ அமைதியாயிட்டார்.” இந்த அமைதிதான் எனக்குப் பயம் தருவது. கூப்பிட்டால் மெல்லக் கண் திறந்து மறுபடி சொருகிக்கொள்வது டெலிரியத்தின் இன்னொரு முகம். தொந்தரவு கொடுக்காததால் வீட்டிலும் வார்டிலும் இது கண்ணில் படுவதில்லை.

“செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுறார், நேரம் வந்துடுச்சு.” உறவினரைக் கூட்டி, அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் பால் ஊற்றுகிறார்கள். அந்தப் பால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிறது. பிழைத்திருக்க வேண்டியவர் அதனாலேயே போய்விடலாம். தயவுசெய்து, விழிப்பாக இல்லாதவர் வாயில் பாலோ தண்ணீரோ எதையும் ஊற்றாதீர்கள்.

மருந்துக்கடையில் தொடங்கும் ஆபத்து

ஒரு பெரியவருக்குச் சளி. மகன் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து ஓடினார், வேட்டியைப் பிடித்து இழுத்தார். தூங்கட்டும் என்று அல்பிரசோலம் கொடுத்தார்கள். குழப்பம் இரட்டிப்பானது. வந்ததும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பானை போல் உப்பியிருந்தது. சளி மாத்திரையில் இருந்த குளோர்பெனிரமின் சிறுநீரை அடைத்துவிட்டது, மூளையையும் கலக்கிவிட்டது. குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றி, இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினோம். சில நாட்களில் மகளைப் பார்த்து, “எப்பம்மா வந்த?” என்றார்.

இதே கதை பல உருவங்களில் வருகிறது. சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போடுவதால் சர்க்கரை இறங்கிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையால் சோடியம் குறைகிறது. உடனே வீட்டில் உப்பை அள்ளிக் கரைத்துக் கொடுக்கிறார்கள்! எதனால் இறங்கியது என்று தெரியாமல் உப்பு ஏற்றுவது ஆபத்து. தினமும் குடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்தால் குடி நின்ற இரண்டு, மூன்று நாளில் குழப்பம் வரலாம். கௌரவம் பார்த்து அதை மறைக்காதீர்கள். சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்திருக்கலாம்.

பரிசோதனைகள்

காரணத்தைக் கண்டுபிடிக்கச் செய்பவை: சர்க்கரை, சோடியம், ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. தேவைப்பட்டால் தலைக்கு சி.டி. ஸ்கேன்.

தடுக்க முடியும்

அமெரிக்காவின் நியூ ஹேவனில், 70 வயதைக் கடந்த நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, டெலிரியத்தை 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைத்துக் காட்டியது. புது மருந்து எதுவும் இல்லை. கண்ணாடி, காது கேட்கும் கருவி, போதிய தண்ணீர், தூக்கம், நடமாட்டம், பக்கத்தில் பேச ஒரு ஆள். அவ்வளவுதான்.

இதை உங்களால் செய்ய முடியும். மருத்துவமனைக்கு வரும் பையில் முதலில் கண்ணாடியையும் பல்செட்டையும் வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லட்டும். கையைக் கட்டிலோடு கட்டச் சொல்லாதீர்கள். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்தால், பகலிலேயே குடிக்க வையுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன், மறதி இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெரியவரின் பேச்சோ நடத்தையோ திடீரென்று மாறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அன்று இரவே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். வந்ததும் மருத்துவரிடம், “மறதிநோய்” என்று தொடங்காமல், “நேற்று வரை நன்றாக இருந்தார்” என்று தொடங்குங்கள்.