அத்திப்பள்ளி தாண்டும் முன் ஓர் ஊசி

"நேரா நிம்ஹான்ஸுக்கே போயிடலாம்னு கிளம்பிட்டோம் சார்." வலிப்பு நிற்காத ஆளைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் பயந்து திரும்பி வருபவர்கள் சொல்வது இது. ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை சுமார் 35 கி.மீ.தான். ஆனால் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஷிப்ட் விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். நிம்ஹான்ஸ் அருமையான இடம், மறுப்பில்லை. முதல் ஊசிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஐந்து நிமிடக் கணக்கு

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டியும் இழுத்தால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், இனி மருந்துதான். 30 நிமிடம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். வலிப்பை நிறுத்தும் லோராசெபாம், மிடாசோலம் போன்ற மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகள் நேரம் ஆக ஆக நரம்பணுவின் உள்ளே இழுக்கப்பட்டுவிடுகின்றன. ஆறு மணிக்கு ஒரே ஊசியில் நின்றிருக்கக்கூடிய வலிப்பு, ஏழு மணிக்கு மூன்று மருந்துக்கும் மசியாமல் போகலாம்.

சாவிக்கொத்தும் ஸ்பேனரும்

வீட்டில் சாவிக்கொத்து, கம்பெனியில் ஸ்பேனர். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்துவிட்டுச் சுற்றி நிற்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கவிருந்த வலிப்புக்கு இரும்பு பேர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை நிற்காதபோதும் அதையே நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்! பல்லிடுக்கில் ஸ்பூன் வைத்தால் பல்தான் உடையும். வாயில் ஊற்றும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் ஒரு துணி, அது போதும்.

"ஊசி போட்டா மூச்சு நின்னுடுமாமே?"

இந்தப் பயம் உறவினர்களுக்கு மட்டுமல்ல, சில மருத்துவர்களுக்கும் உண்டு. பாதி அளவு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ ஆம்புலன்ஸ்களில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், லோராசெபாம் பெற்றவர்களைவிட மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களுக்கே மூச்சு, ரத்த அழுத்தச் சிக்கல்கள் இரண்டு மடங்கு வந்தன. மூச்சை நிறுத்துவது பெரும்பாலும் நிற்காத வலிப்புதான். பெரியவர்களுக்கு ரத்தக்குழாயில் 4 மி.கி. லோராசெபாம். ரத்தக்குழாய் கிடைக்கவில்லையா? தொடைத் தசையில் 10 மி.கி. மிடாசோலம். அதற்கும் அடங்காவிட்டால் லெவெடிராசெட்டம், வால்புரோயேட், ஃபாஸ்ஃபெனிட்டாய்ன் மூன்றில் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கேட்கும் என்று 2019இல் வந்த ஆய்வு சொன்னது. ஆகவே எது உசத்தி என்று வாதாட நேரமில்லை, கையில் இருப்பதைப் போட வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை அளவை உடனே பார்க்க வேண்டும், சோடியமும் ஸ்கேனும் பிறகு.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

தூக்கம் வருகிறது என்று நைட் ஷிப்டுக்காக ஒரு வேளையை விடுகிறார்கள். மெடிக்கல் கடையில் பழைய சீட்டைக் காட்டிப் பாதி மாத்திரை வாங்குகிறார்கள். ஒடிசாவுக்கு ஊருக்குப் போனவர் இரண்டு வாரம் மாத்திரையே இல்லாமல் திரும்புகிறார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று மறைத்து நிறுத்துகிறார்கள். வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த வழி 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அம்மா! கெஞ்சிக் கேட்கிறேன், உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே உங்களுக்குத் தேவையா என்று அவரிடமே கேளுங்கள். அறையில் உடன் தங்கியிருப்பவருக்கு அதை எப்படி அடிப்பது என்று காட்டிக் கொடுங்கள், 108ஐக் கூப்பிடவும் சொல்லுங்கள். வலிப்பு தொடங்கியதும் முதலில் செல்போனில் மணி பார்க்கச் சொல்லுங்கள். "எத்தனை நிமிஷமா இழுக்குது?" என்று நாங்கள் கேட்கும்போது "ரொம்ப நேரமா சார்" என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் கணக்கிட முடிவதில்லை.