சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள்

காரின் டேஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டதை அது நினைவூட்டுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் உரசாமல் இருப்பது, இடையில் பம்ப் தள்ளிவிடும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். பல கார்களில் அழுத்தம் சுமார் 0.5 பாருக்கும் கீழே போன பிறகே இந்த விளக்கு எரிகிறது. சாலையில் ஓடும் இன்ஜினுக்கு அதைப் போலப் பல மடங்கு தேவை. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவோ ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. ஆகவே, எச்சரிக்கை நம் கண்ணில் படும்போதே ஆபத்து முற்றியிருக்கிறது. அந்த நிமிடத்தில் வண்டியை நிறுத்துகிறோமா, ஓட்டுகிறோமா என்பதைப் பொறுத்தே இன்ஜின் பிழைப்பதும், பிறகு இழப்பீடு கேட்கும் நம் நிலை வலுவாக இருப்பதும் அமைகின்றன.

வண்டி நின்ற பிறகே இன்ஜினை அணையுங்கள். ஓட்டத்தில் அணைத்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். சமதளத்தில் 5 முதல் 10 நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் பிடிக்கும். குறைந்திருந்தால், கையேடு சொல்லும் தரத்து ஆயிலை மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். அளவு மிஞ்சினாலும் ஆயில் நுரைத்து அழுத்தம் குறையும். வண்டிக்கு அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டுச் சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டாலோ, தடதடவென்று சத்தம் கேட்டாலோ, அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ, ரிக்கவரி வண்டியை அழைப்பதே வழி.

"பெரும்பாலும் சென்சார் கோளாறுதான், ஓட்டலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. சென்சாரோ அதன் வயரோ பழுதாவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் கசடு அடைத்த வடிகட்டி, தேய்ந்த பம்ப், திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, தேய்ந்த பேரிங், வேகத்தடையில் அடிபட்டு நசுங்கிய சம்ப் (ஆயில் தொட்டி) ஆகிய எல்லாவற்றுக்கும் எரிவது இதே விளக்குதான். இவற்றில் எது காரணம் என்று ஓட்டும் இருக்கையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பட்டறையில் சென்சாரைக் கழற்றி, அதே இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, சூடான இன்ஜினை ஐடிலிலும் கூடுதல் சுற்றிலும் ஓட்டி, தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இந்தச் சோதனை இல்லாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். கெட்டியான ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துத் தருவதையும் ஏற்காதீர்கள். அதனால் தேய்மானம் குணமாவதில்லை. எச்சரிக்கை மட்டுமே மறைகிறது. "பட்டறை பக்கத்தில்தானே" என்ற வாதமும் நிற்காது. பேரிங் கருகுவதற்கு அந்தப் பக்கத்துத் தூரமே போதும். இழுத்துச் செல்லும் கூலியையும் இன்ஜினைப் புதுப்பிக்கும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எது மலிவு என்று விளங்கும்.

சட்டமும் காப்பீடும் இந்த இடத்தில்தான் வருகின்றன. கல் அடித்துச் சம்ப் உடைந்தால் விரிவான காப்பீட்டில் அது விபத்துச் சேதம். ஆனால் பழுதை நீக்காமல் ஓட்டியதால் பெருகும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று இந்தியாவின் வழக்கமான வாகனக் காப்பீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் அதில் இடமில்லை. இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி எடுத்திருந்தாலும் அதன் விலக்குகளைப் படித்துவையுங்கள். வாரண்டி காலத்தில் பம்ப் பழுதானாலும், உரிமையாளரின் அலட்சியம் என்று காட்டி நிறுவனம் மறுக்க முயலலாம். நிறுத்திய இடத்தின் படம், டிப்ஸ்டிக்கின் படம், இழுவை ரசீது, சர்வீஸ் பில்கள், அழுத்த அளவுகள் எழுதிய ஜாப் கார்டு ஆகியவை அதற்கு உங்கள் பதில். சர்வீஸ் முடிந்த சில நாட்களில் வடிகால் போல்ட்டோ ஃபில்டரோ ஒழுகி விளக்கு எரிந்தால், அதைச் சேவைக் குறைபாடாக முன்வைக்கலாம். அதே பட்டறையில் பிரிக்கும் முன்பே படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள்.

நுகர்வோர் வழக்கு இழுத்தடிக்கும், ஆகவே வீண் என்பார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் முதல் படி வழக்கு அல்ல. எழுத்துப்பூர்வ நோட்டீஸும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியும் புகாரும் செலவில்லாமலோ சிறு செலவிலோ முடிபவை. அதற்கும் பட்டறையோ நிறுவனமோ அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுபவருக்கும் இந்த உரிமை உண்டு. பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது. ஆனால் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக் கருக்கிய இன்ஜினில், பழுது எங்கே தொடங்கியது என்று ஆய்வகம் பிரித்துச் சொல்வது கடினம். வண்டியை உடனே நிறுத்தியவரின் இன்ஜினில் பழுதின் மூலம் கலையாமல் இருக்கும். அவருடைய வழக்குக்கு அதுவே முதல் ஆதாரம்.