வீரமாமுனிவரின் விவிலியப் புலமையும் சமுதாய நோக்கும்

பாடாலூரை உள்ளடக்கிய பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்தில், கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஊர் ஏலாக்குறிச்சி. இதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1711 அளவில் மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்தவர். அவரை அகராதி முன்னோடியாகவும் காப்பியப் புலவராகவும் பேசும் ஆய்வுகள் பல. விவிலியம் கற்ற ஒருவர் பண்டைய யூதச் சமுதாயத்தையும் தம் காலத் தமிழ்ச் சமுதாயத்தையும் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே இக்கட்டுரையின் வினா.

தேம்பாவணி 36 படலங்களையும் 3615 பாடல்களையும் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரே இதன் தலைவர். நற்செய்தி நூல்கள் அவரைப் பற்றிச் சில செய்திகளையே தருகின்றன. இவ்விடைவெளியை முனிவர் திருச்சபை மரபுக் கதைகளாலும் தமிழ்க் காப்பிய நெறியாலும் நிரப்பினார். சூசை ‘வளன்’ ஆகிறார். திருமுழுக்கு யோவான் ‘கருணையன்’ ஆகிறார். கோதுமையும் ஒலிவமும் திராட்சையும் விளைந்த யூதேயா, நாட்டுப் படலத்தில் நீர்வளம் மிக்க மருத நிலமாகக் காட்சி தருகிறது. இதனைக் காப்பிய மரபு என்று மட்டும் கூறி நகர்ந்துவிடல் பொருந்தாது. அயல்நாட்டுத் தொன்மையைத் தமிழர் தம் நிலத்தில் வைத்துக் காணச் செய்யும் விளக்கமுறை இது. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. மேய்ப்பர்களும் வரி தண்டுவோரும் உரோமைப் படையினரும் வாழ்ந்த சமுதாயத்தின் கடுமை, தமிழ் வயல்களின் செழுமைக்குள் மங்கிவிடுகிறது. தேம்பாவணியைப் போற்றுவோர் இவ்விழப்பைப் பெரிதும் பேசுவதில்லை.

சமகாலச் சமுதாயத்தின்பால் அவர் கொண்ட கவனத்தை உரைநடையிலும் இலக்கணத்திலுமே தெளிவாகக் காணலாம். செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் தந்தவர், மக்கள் வழக்குக்கெனக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். பேச்சு வழக்கில் அமைந்த பரமார்த்த குரு கதை, அறிவிலிக் குருவையும் சீடரையும் எள்ளுகிறது. மறையாசிரியர்களுக்கென வேதியர் ஒழுக்கம் எழுந்தது.

ஈண்டு ஒரு முரண் குறிக்கத்தக்கது. தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சேறியது. அதன் தமிழ்நடையை முனிவர் கடுமையாகச் சாடினார். லூத்தரன் சபையாரை மறுத்து வேதவிளக்கம் இயற்றினார். மறைநூலை எளிய மக்களின் மொழியில் உடனடியாகத் தருதல் அவர்கள் வழி. புலவர் அவையும் ஏற்கும் நடையில் தருதல் இவர் வழி. இத்தனைக்கும் பிறகு, இவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகந்தான்.