காதில் விழாத கூச்சல்!
வவ்வாலின் ரகசியம் வெளிவந்த கதை

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. "ஒரு சத்தமும் இல்லை" என்கிறோம்.

உண்மை அதுவல்ல. அந்த நேரத்தில் நம் தலைக்கு மேலே பெருங்கூச்சல் நடந்துகொண்டிருக்கும். கூச்சல் போடுவது, பூச்சி பிடிக்கும் வவ்வால். நம் காதில்தான் அது விழுவதில்லை!

ஏன் விழுவதில்லை?

வீணைக் கம்பியை மீட்டினால் அது அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றில் பரவி வந்து, காதுக்குள் இருக்கும் சவ்வைத் தட்டுகிறது. அதுதான் நமக்குக் கேட்கும் ஒலி.

வினாடிக்கு 20 தடவை முதல் 20 ஆயிரம் தடவை வரை அதிரும் ஒலி மட்டுமே மனிதனுக்குக் கேட்கும். குறைந்தாலும் கேட்காது. கூடினாலும் கேட்காது. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். பேரனுக்குக் கேட்கும் மெல்லிய கீச்சொலி, தாத்தாவுக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

நாயின் காது 40 ஆயிரத்தையும் தாண்டும். சில வவ்வால்களின் குரலோ வினாடிக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் அதிரும்!

குருட்டு வவ்வால்

இத்தாலி நாட்டில் பவியா நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்பல்லன்சானி என்ற பேராசிரியர் இருந்தார். பாதிரியாரும்கூட. 1793-ம் ஆண்டு அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். விளக்கு அணைந்ததும் ஆந்தை சுவரில் மோதியது. அதே இருட்டில் வவ்வால் எதிலும் மோதாமல் பறந்தது!

சில வவ்வால்களின் கண்களை அவர் குருடாக்கினார். கொடுமையான சோதனைதான். அப்போதும் அவை, கூரையில் இருந்து தொங்கவிட்ட நூல்களில்கூட இடிக்காமல் பறந்தன. வெளியே பறக்கவிட்டு, மீண்டும் பிடித்துச் சோதித்தார். வயிறு நிறையப் பூச்சிகள்! கண் இல்லாமலே அவை வேட்டையாடியிருந்தன.

ஜெனிவா நகர டாக்டர் ஜூரின், வவ்வால்களின் காதுகளை அடைத்துப் பார்த்தார். அவ்வளவுதான்! அவை தடுமாறி முட்டி மோதின. ஸ்பல்லன்சானியும் அதைச் செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. வவ்வாலுக்கு வழிகாட்டுவது கண் அல்ல, காது!

கேலியும் கிண்டலும்

இதைப் பலர் நம்பவில்லை. "காதால் பார்க்க முடியும் என்றால், கண்ணால் கேட்க முடியுமோ?" என்று கேலி பேசினார்கள். வவ்வால் பறக்கும்போது சத்தமே கேட்கவில்லையே, பிறகு காதுக்கு என்ன வேலை? இதற்கு ஸ்பல்லன்சானியாலும் பதில் சொல்ல முடியவில்லை. 1799-ல் அவர் இறந்துபோனார்.

பிரான்சின் பெரிய விஞ்ஞானி கூவியே, "தொடு உணர்ச்சிதான் காரணம்" என்றார். பெரியவர் சொல்லிவிட்டார் அல்லவா? ஊரும் அதையே நம்பியது.

மாணவர் அவிழ்த்த முடிச்சு

சுமார் 140 ஆண்டுகள் ஓடின. 1938-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் கிரிபின், ஒரு கூண்டு நிறைய வவ்வால்களுடன் பேராசிரியர் பியர்ஸைத் தேடிப் போனார். காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும்படி மாற்றித் தரும் கருவி அவரிடம் இருந்தது. அதன் முன்னால் வவ்வால்களைக் கொண்டுபோனதும் கருவி படபடவென்று ஒலித்தது. ஊமை என்று நினைத்த வவ்வால் ஓயாமல் கத்துகிறது!

பிறகு கிரிபினும் அவருடைய நண்பர் கலம்போசும் வவ்வாலின் வாயைக் கட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அது மோதியது. கத்த வாய் வேண்டும். எதிரொலியைக் கேட்கக் காது வேண்டும். எதிரொலி வரும் நேரத்தையும் திசையையும் வைத்தே அது பூச்சியைப் பிடிக்கிறது. பாதிரியார் சொன்னது சரிதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

(மரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வவ்வாலுக்கு இந்த வித்தை தெரியாது. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பிழைக்கிறது.)

உயிர் காத்த ஒலி

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வவ்வாலின் ரகசியம் தெரியும் முன்பே மனிதனும் அதே வித்தையைக் கற்றுவிட்டான். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்சின் லான்ஜவின் கேளா ஒலியைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார்.

பிறகு உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அந்த ஒலி பயன்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேறு டாக்டர் இயான் டொனால்டு, அதையே மனித உடம்பில் செலுத்திப் பார்த்தார்.

அவரிடம் ஒரு பெண் வந்தார். வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். கேளா ஒலி வேறு விதமாகச் சொன்னது. அது சினைப்பைக் கட்டி! ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார்.

1958-ல் டொனால்டும் அவருடைய குழுவினரும் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் அதில் இருந்து வளர்ந்ததுதான். குழந்தையின் நலம் அறிய வந்த கருவி இது. ஆணா பெண்ணா என்று பார்க்க இதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் குற்றம். 1994-ல் அதற்குச் சட்டமே இயற்றப்பட்டது.

காதில் விழவில்லை என்பதற்காக, "இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. பாதிரியாரைக் கேலி செய்தவர்கள் செய்த தவறு அதுதான்.